பெயருக்குத் தரும் விலை

பத்துமலைக் கோயிலை ஒட்டிய கடைவரிசையிலோ, பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ உணவுக்கடை தொடங்க எண்ணும் சிறு முதலாளி, சொந்தப் பெயரில் தொடங்குவதா, பெயர்பெற்ற நிறுவனமொன்றின் பிரான்சைஸை வாங்குவதா என்று தயங்கும்போது, பெரும்பாலும் அந்நிறுவனத்தின் புகழையே எடைபோடுகிறார். அவர் எடைபோட வேண்டியதோ, அந்தப் புகழ் அவர் கடை வைக்கப்போகும் தெருவில் எவ்வளவு கூடுதல் விற்பனையைக் கொண்டுவரும் என்பதைத்தான். பிரான்சைஸ் என்பது, ஒரு நிறுவனம் தன் வணிகப் பெயரையும் செய்முறையையும் நிர்வாக முறையையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையைக் கட்டணம் பெற்றுக்கொண்டு இன்னொருவருக்கு வழங்கும் ஏற்பாடாகும். கடைக்கான முதலீடும், நட்டம் வந்தால் அந்த நட்டமும் உரிமையை வாங்கியவரையே சேரும்.

மலேசியர்களுக்கு இத்தகைய கடைகள் புதியன அல்ல. 1973இல் கோலாலம்பூரின் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கேஎஃப்சியும், 1982இல் புக்கிட் பிந்தாங்கில் மெக்டொனால்ட்ஸும் இந்நாட்டில் தங்கள் முதல் கடைகளைத் திறந்தன. 1992இல் அரசு பிரான்சைஸ் வளர்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் 1999 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பழகிய பெயராயினும், அதன் மதிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும் பயணி, பிரிக்பீல்ட்ஸின் எந்தக் கடையில் என்ன சுவை என்று தெரியாததால், தெரிந்த பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைகிறார். அங்கே பெயர் உண்மையிலேயே வாடிக்கையாளரை அழைத்துவருகிறது. பத்துமலையில் நிலைமை வேறு. தைப்பூசத்தில் இலட்சக்கணக்கானோரையும், ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகளையும் அங்கே வரவழைப்பவை கோயிலும் குகையும் முருகன் சிலையுமே; எந்த நிறுவனத்தின் விளம்பரமும் அன்று. அதோடு, விரதமிருந்து வரும் பக்தர்கள் சைவ உணவையே நாடும் நாள்களிலும், ஒப்பந்தம் வரையறுத்த உணவுப் பட்டியலை மாற்ற பிரான்சைஸ் கடைக்காரருக்குப் பெரும்பாலும் உரிமை இருப்பதில்லை. பக்கத்து ஒட்டுக்கடைக்காரரோ ஒரே இரவில் பட்டியலை மாற்றிக்கொள்வார். கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பெயருக்கு அதிக விலை கொடுப்பது, பெரும்பாலான சிறு முதலாளிகளுக்குத் தேவையற்ற செலவு.

அந்த விலை மூன்று வடிவங்களில் வருகிறது. தொடக்கத்தில் ஒருமுறை செலுத்துவது நுழைவுக் கட்டணம்; மாதந்தோறும் செலுத்துவது ராயல்டி; பொது விளம்பரத்துக்கென்று செலுத்துவது விளம்பர நிதி. ராயல்டி வழக்கமாக இலாபத்தின் மீதன்றி மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுவதால், கடை நட்டத்தில் நடக்கும் மாதத்திலும் அதைச் செலுத்தியாக வேண்டும் என்பதைப் பலர் பின்னரே உணர்கின்றனர்.

கற்பனையான கணக்கொன்று இதைத் தெளிவாக்கும். ஒரு பிரான்சைஸ் கடையின் மாத விற்பனை 40,000 ரிங்கிட் என்று கொள்வோம். பொருள்களுக்கு 16,000, சம்பளத்துக்கு 10,000, வாடகைக்கு 5,000, மின்சாரம் முதலியவற்றுக்கு 2,000 போக 7,000 ரிங்கிட் நிற்கும். ராயல்டி 6 விழுக்காடும் விளம்பர நிதி 2 விழுக்காடும் சேர்ந்து 3,200 ரிங்கிட்டை எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 3,800. தொடக்க முதலீடு 240,000 ரிங்கிட் எனில், அதை ஐந்து ஆண்டுகளில் மீட்க மாதம் 4,000 தேவைப்படுவதால், முதலாளியின் உழைப்புக்குக் கூலி கணக்கிடும் முன்பே மாதம் 200 ரிங்கிட் குறைகிறது. அதே இடத்தில் 90,000 ரிங்கிட் முதலீட்டில், 8,000 ரிங்கிட் சம்பளச் செலவோடு, சொந்தப் பெயரில் நடக்கும் கடை 30,000 ரிங்கிட்டுக்கே விற்றாலும், பொருள்செலவின் விகிதமும், வாடகை, மின்சாரம் முதலியவற்றின் தொகையும் மாறாதிருந்தால், முதலீட்டை மீட்கும் பங்கு போக மாதம் 1,500 ரிங்கிட் மிஞ்சும். அந்த அளவை எட்ட பிரான்சைஸ் கடை ஏறத்தாழ 43,300 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். அதாவது, பெயர் மட்டுமே மாதம் 13,000 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல் விற்பனையைத் தேடித் தர வேண்டும். முன் அனுபவமே இல்லாதவருக்கு, பயிற்சியும் சோதித்துப் பார்த்த செய்முறையும் இந்த விலைக்கு ஈடாகலாம்; இருபது ஆண்டு சமையல் அனுபவம் உள்ளவர் தமக்குத் தெரிந்ததையே விலைகொடுத்து வாங்குகிறார்.

பிரான்சைஸ் சட்டம், உரிமையை வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. பெயரைத் தரும் நிறுவனம் அரசின் பிரான்சைஸ் பதிவதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். கட்டணங்களையும் கடமைகளையும் விவரிக்கும் வெளிப்படுத்தல் ஆவணத்தை, ஒப்பந்தத்தின் படியுடன், கையெழுத்திடும் நாளுக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே தர வேண்டும். கையெழுத்திட்ட பின்னும், குறைந்தது ஏழு வேலை நாள்கள் கொண்ட காலத்துக்குள் வாங்கியவர் பின்வாங்கலாம். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. முதற்சொன்ன 10 நாள்கள் விலைமதிப்பற்றவை. அதே பெயரில் கடை நடத்தும் பிறரைத் திருவிழாக் காலத்தில் அன்றிச் சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் சென்று பார்த்து, வாடகை எவ்வளவு, பொருள்களைக் குறிப்பிட்ட இடத்திலேயே வாங்கக் கட்டாயமா, அந்த விலை சந்தை விலையைவிடக் கூடுதலா என்று கேட்டறிய அந்நாள்கள் போதும்.

ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவைத் தமிழ்க் குடும்பங்கள் தனிக் கவனத்தோடு படிக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்திலும், அது முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கும் அதையொத்த வேறு தொழிலில் ஈடுபடுவதில்லை என்று வாங்குபவர் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும் என்கிறது அது. வாங்குவது நிறுவனமாயின், அதன் இயக்குநர்களின் கணவன் அல்லது மனைவி, நெருங்கிய குடும்பத்தினர், நிறுவன ஊழியர்கள் ஆகியோரையும் அந்த உறுதிமொழி கட்டுப்படுத்துகிறது. மகன் பிரிக்பீல்ட்ஸில் பிரான்சைஸ் உணவகம் நடத்த, தாய் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பது நம்மிடையே இயல்பு. அந்தக் கடை ‘அதையொத்த தொழில்’ ஆகுமா என்பதையும், யார் யாரை இயக்குநர்களாகப் பதிவது என்பதையும், பணம் கைமாறுவதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, பெயர் தரும் நிறுவனத்திடம் எழுத்து மூலம் தெளிவுபெற்றுக்கொள்ள வேண்டும்.