கயிற்றில் ஒட்டிவந்த மணல்

கரண்டு வராத காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் இரவைப் பகலாக்கியது பெட்ரோமாக்ஸ் விளக்குதான். அதற்குள் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும், மேண்டில் என்பார்கள். முதல் தடவை கொளுத்தியதுமே துணி எரிந்து சாம்பலாகிவிடும். வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்! துணியை முன்கூட்டியே தோரிய உப்பிலும் சீரிய உப்பிலும் நனைத்துக் காயவைத்திருப்பார்கள். நூல் எரிந்தபின் எஞ்சும் ஆக்சைடு வலை, சுடரின் சூட்டில் வெள்ளையாக ஒளிரும். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் 1891இல் கண்டுபிடித்த கலவை இது: 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் விளக்கு மங்கிப்போகும்.

தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற தேன்நிறத் துகளில். பொதிகையிலும் அதன் தெற்கு மலைகளிலும் உள்ள பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்கின்றன. கிழக்கே தாமிரபரணி, மேற்கே வள்ளியாறு என்று ஆறுகள் அந்த உதிரலைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. பிறகு நடப்பது, அடுக்களையில் அரிசி களைந்து கல் அரிக்கிற அதே வேலை. சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே அதிக எடை. மோனசைட்டோ ஐந்து மடங்கு. அலை திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போகும், கனமானது கரையில் தங்கும். பல்லாயிரம் ஆண்டு அரித்து அரித்துச் சேர்ந்ததுதான் உவரி, பெரியதாழைக் கரைகளில் கருப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணல். குமரிமுனையைத் தாண்டி, அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியில் மோனசைட் இன்னும் செறிவு.

அதைக் கண்டுபிடித்தது ஒரு கயிறு. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய தென்னங்கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் அதில் மோனசைட்டை அடையாளம் கண்டார். மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அதுவரை பிரேசில் மணலை நம்பியிருந்த விளக்குத் தொழிலுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் 1914இல் போர் மூண்டது. ஷோம்பர்க் உளவாளி என்று கைதானார், ஆலை மூடப்பட்டது, பிறகு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டிலின் மவுசும் குறைந்தது.

இரண்டாம் உலகப்போர் அதே மணலுக்கு வேறொரு பொருள் கொடுத்தது. தோரிய அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கினால், படிப்படியாக மாறி யுரேனியம்-233 ஆகிறது. அதைப் பிளந்தால் அணுசக்தி. அது தெரிந்ததும் வல்லரசுகளின் கண் மணல்மீது விழுந்தது. 1944இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் அமைத்தன. உலகில் எங்கெல்லாம் யுரேனியமும் தோரியமும் கிடைக்குமோ, அங்கெல்லாம் அவற்றைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்வதே அதன் வேலை. நம் கரையோரத்து மீனவக் குடும்பங்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. வலை உலர்த்தும் மணலைப் பற்றி வாஷிங்டனிலும் லண்டனிலும் பேசிக்கொண்டார்கள்.

மணலின் மதிப்பைத் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் நன்றாகவே உணர்ந்திருந்தார். 1946இல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. 1947 ஜூன் 11 அன்று, திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்தார். பிரிட்டனோடு மோனசைட் பேரமும் நடந்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஜூலை 25 அன்று அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டது.

ஆட்சி மாறியது, பிடி தளரவில்லை. 1948இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1956இல் மணவாளக்குறிச்சி கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2013இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளில் தாதுமணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு நிறுத்திவைத்தது.

தோரியத்துக்கு அவசரம் கிடையாது. அதில் பாதி சிதைய 1400 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான். தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம்-233ஐ எரித்து, கல்பாக்கத்தில் காமினி என்ற சிற்றுலை 1996இல் உயிர்பெற்றது. அதன் திறன் 30 கிலோவாட்.