செடியை வளர்ப்போம், கொசுவை வளர்க்க வேண்டாம்!



வீட்டுக்குள்ளே பச்சையாக ஒரு செடி இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கும் ஆறுதல். ஜொகூர் தோட்டங்களிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆறுதல் இன்னும் அதிகமாகவே வேண்டும். துவாஸ், சிங்கப்பூரின் மேற்குக் கோடி. கடலைத் தூர்த்து எடுத்த நிலமும், கப்பல் பட்டறைகளும், தொழிற்சாலைகளும், தொழிலாளர் விடுதிகளும் நிறைந்த இடம். 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் அங்கேதான் போய்ச் சேருகிறது. நாள் முழுக்க இரும்பையே பார்த்துவிட்டு வருகிறவன் ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் கொடியைப் போட்டு வைத்தால் யார் குறை சொல்லப் போகிறோம்?

செடி வேணாம்னு சொல்லலீங்க. அந்தத் தண்ணீரை எப்போ மாத்தினீங்க? அதுதான் கேள்வி.

2020-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. அவ்வளவு சுத்தமான ஊரில் எப்படி? டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த தண்ணீரே போதும். பூச்சாடியும் பூந்தொட்டித் தட்டும் அங்கே கொசுப்புழு அடிக்கடி அகப்படும் இடங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடு வீடாகச் சோதிக்கிறது. புழு இருந்தால் 200 வெள்ளி அபராதம் போட்டிருக்கிறார்கள்.

தோட்டத்தில் நமக்கு இது புதிதல்ல. மழை பெய்தால் கவிழ்க்காமல் விட்ட பால் மங்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் புழு நெளிவதைப் பார்த்தவர்கள்தானே நாம்? அதே கதைதான் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. பாட்டில், ஜாடித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். வேரையும் கழுவுங்கள்.

2. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

3. தொட்டிக்கு அடியில் தட்டு இல்லாமல் முடிந்தால் நல்லது. வைத்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

4. தொட்டி மண் இறுகினால் மேலே தண்ணீர் நிற்கும். குச்சியால் கிளறி விடுங்கள்.

5. அன்னாசி மாதிரி குருத்தில் தண்ணீர் பிடிக்கும் அலங்காரச் செடிகளை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். தூரமாகப் பறக்காது. ஆகவே ஒரு வீட்டுத் தட்டில் பிறந்தது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் முதலில் தேடும். ஒரு விடுதி அறையில் பலர் படுக்கிறார்கள். ஒருவன் அசட்டையாக இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து.

திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, உடம்பில் சிவப்புப் புள்ளி என்றால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள், ரத்தக்கசிவு அதிகமாகலாம். காய்ச்சல் இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று வேலைக்குக் கிளம்பாதீர்கள். ஆபத்து வருவதே அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

துவாஸில் பிள்ளை இருக்கிற தாய்மார்களே, அடுத்த தடவை போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு, "பாட்டில் தண்ணியை மாத்தினியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.