எலிக் கருவில் வந்து மறையும் பற்கள்

சுண்டெலிக்கு மொத்தம் 16 பற்கள். ஒவ்வொரு அரைத்தாடையிலும் முன்னால் ஒரு வெட்டுப்பல், ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. பின்னால் மூன்று கடைவாய்ப்பற்கள். கோரைப்பல் கிடையாது, முன்கடைவாய்ப்பல்லும் கிடையாது. நடுவே வெறும் ஈறுதான். கருவைப் பார்த்தாலோ இந்தக் கணக்கு உதைக்கிறது.

எலி சுமார் 20 நாள் கருச் சுமக்கிறது. 11ஆம் நாள் வாக்கில் கருவின் தாடை மேல்தோல் தடிக்கத் தொடங்கும். 12, 13ஆம் நாள்களில் அது கீழ்த்திசுவுக்குள் மொட்டாக இறங்கும். மறுநாள் மொட்டின் அடி விரிந்து, கவிழ்த்த தொப்பிபோல் ஆகும். தொப்பியின் நடுவில் சில செல்கள் நெருக்கமாகத் திரள்கின்றன. எனாமல் முடிச்சு என்று இதற்குப் பெயர். விசித்திரமான கூட்டம் இது: தான் பெருகாது, அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்களைச் சுரக்கும், வேலை முடிந்ததும் செத்துப்போகும். பிறகு இரண்டாம் நிலை முடிச்சுகள் எங்கெங்கே தோன்றுகின்றனவோ, அங்கெல்லாம் கடைவாய்ப்பல்லில் முகடு எழும்பும்.

கீழ்த்தாடையில் 12ஆம் நாள் தெரியும் மொட்டை முதல் கடைவாய்ப்பல்லின் ஆரம்பம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். செக் ஆய்வாளர் ரெனாட்டா பீட்டர்கோவாவின் குழு கருக்களின் வயதைத் துல்லியமாகப் பிரித்துப் பார்த்தது. 2010இல் வெளியான முடிவு வேறு கதை சொன்னது. முதலில் எழும் மொட்டு சீக்கிரமே அழிந்துவிடுகிறது. அதன் பின்னால் இன்னொன்று எழுந்து, அதுவும் தனிப் பல்லாகாமல் கடைவாய்ப்பல்லின் முன்பகுதியோடு கலந்துவிடுகிறது. உண்மையான கடைவாய்ப்பல் மூன்றாவதாகத்தான் வருகிறது. முந்திய இரண்டும் மூதாதையரின் முன்கடைவாய்ப்பற்களின் மிச்சம் என்பது அவர்கள் கருத்து.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்த பாராமிஸ் என்ற கொறிவிலங்குக்கு அந்தப் பற்கள் இருந்தன. தொல்லெச்சத்தைத் தேடிப் போவானேன், நம் வீட்டு மரத்து அணிலுக்கே இன்றும் இருக்கின்றன.

எலியில் அவற்றைத் தடுப்பது எது? 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்ப்ரௌட்டி என்ற மரபணுக் குடும்பத்தைக் கைகாட்டினார்கள். வளர்ச்சிச் சமிக்ஞைக்குக் கடிவாளம் போடும் மரபணுக்கள் இவை. ஒன்றை முடக்கியதும் பல எலிகளில் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் கூடுதலாக ஒரு பல் முளைத்தது. மூதாதையரின் பல்லே திரும்பிவிட்டது என்று இதைக் கொண்டாடுவது கொஞ்சம் அவசரம். திரும்பியது அந்த இடம்தான். பல்லின் வடிவத்தை இன்றைய எலியின் மரபணுக்களே தீர்மானிக்கின்றன.