0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் கணினிக்கு ஏன் 0.3 வருவதில்லை?

பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். வாலில் ஒட்டிய அந்த 4 எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்தில் எண்சார் பகுப்பாய்வு படிக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் புதிர் இது.

நம் பழைய அளவைகளை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. கணினியும் இப்படிப் பாதி பாதியாகத்தான் அளக்கும்.

சரி, படியில் பத்தில் ஒரு பங்கு அரிசி அளந்து தாருங்கள். ஆழாக்கு அதிகம். அரை ஆழாக்கு போதாது. கூடக் கால் ஆழாக்கு போட்டாலும் கொஞ்சம் குறைகிறது. எவ்வளவு சின்ன அளவையை எடுத்தாலும் கணக்கு முடியாது!

கணினியிலோ இடம் அளவானது. ஓர் எண்ணுக்குப் பொதுவாக 53 இரும இலக்கங்கள். அதோடு நிறுத்தி, மிக அருகில் உள்ளதை எழுதிக்கொள்கிறது. வாலில் ஒட்டிய 4 இந்தப் பிழையிலிருந்து வந்ததுதான்.

இத்துனூண்டுப் பிழை என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் நேரத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணியது. அந்த 0.1-க்கு வெறும் 24 இலக்க இடம். 100 மணி நேரம் ஓடியதில் பிழை 0.34 விநாடியாக வளர்ந்தது. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தவறான இடத்தில் தேடிய அமைப்பு அதைத் தடுக்கவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பிழையை அடக்க வழி உண்டா? உண்டு. கணிதவியலாளர் வில்லியம் கஹான் 1965-ல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கூட்டலிலும் சிந்தும் துளியைத் தனிக் கிண்ணத்தில் பிடித்து, அடுத்த கூட்டலில் சேர்த்துவிடுவார்.