அச்சுக்குப் போகும் தமிழ் எழுத்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கோ சிவகாசிக்கோ கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும் அன்பர்கள் இன்று பஸ் ஏற வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கோப்பே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் தமிழ் எழுத்தும் சிதையாமல் சேர வேண்டுமே!

யூனிகோடு அல்லாத பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவை உள்ளேயே பதித்த பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால் இத்தொல்லை இல்லை.

புகைப்படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருத்தல் நலம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புக. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை நேரே இணைக்க இயலாது. டிரைவில் ஏற்றி, அச்சகத்தார் திறக்க அனுமதி கொடுத்து, இணைய முகவரியை அனுப்ப வேண்டும்.

அச்சேறுமுன் மாதிரிப் படியை வரவழைத்து, பெயர், தேதி, முகூர்த்த நேரம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுவது உத்தமம். ஆயிரம் பிரதி அச்சான பின் கண்ட பிழைக்குப் பணம்தான் தண்டம்.