முதிய மரம் தேடும் காளான்

காளான் என்றால் மழை பெய்த மறுநாள் முளைத்து, இரண்டே நாளில் வாடிப்போவது என்றுதான் நினைப்போம். அகாரிகான் அப்படியல்ல. வயதான லார்ச், டக்ளஸ் ஃபிர் மரங்களின் தண்டில் தேன்கூடு போலத் தொங்கும் இந்த வெள்ளைக் காளான், அடுக்கடுக்காகப் பல பத்தாண்டுகள் வளரும். கடுமையாகக் கசக்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இதை மருந்தாகக் குறித்திருக்கிறார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வாழும் ஹைடா, டிலிங்கிட் உள்ளிட்ட பழங்குடிகள் இதைச் செதுக்கி, தங்கள் பூசாரி வைத்தியர்களின் கல்லறைகளுக்குக் காவல் உருவங்களாக வைத்தார்கள். மரச்சிற்பங்கள் என்று கருதப்பட்டு வந்த அவை உண்மையில் காளான் என்பதை 1992-இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிசெய்தது. எவ்வளவு நெருக்கமாக அந்தக் காட்டை அறிந்திருந்தார்கள் அந்த மக்கள்!

பின்னர் மருந்துக்காகப் பலரும் இந்தக் காளானை அளவின்றிப் பறித்தார்கள். முதிர்ந்த காடுகளையும் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் புதுக்கன்று நட்டால் போதாதா? போதாது. கன்று முதிர்ந்து இந்தக் காளானுக்கு இடம் கொடுக்கத் தலைமுறைகள் ஆகும். அப்போது வித்துகளைப் பரப்ப அருகில் ஒரு தாய்க்காளான் மிஞ்சியிருக்க வேண்டுமே!

2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் செம்பட்டியலில் அகாரிகானை அழியும் நிலையிலுள்ள இனமாகச் சேர்த்தது. ஆய்வுக்கூடங்களில் இதன் இழைகளை வளர்த்துச் சேமிக்கிறார்கள்; நல்ல முயற்சிதான். ஆனால் காட்டில் இது பிழைக்க, முதிய மரங்களை, அவை பட்டுப்போன பின்னும்கூட, வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும்.