பணம் கட்டியவர் தவழ்கிறார், சம்பளக்காரர் கட்டளையிடுகிறார்!
ஸ்காட்லாந்து மலையில் முதல் மான் வேட்டை

வேட்டை என்றதும் நம்மவர் மனதில் எழும் காட்சி ஒன்று உண்டு. தாரை, தப்பட்டை முழங்க ஆட்கள் காட்டை வளைத்து விலங்குகளை விரட்டி வருவார்கள். உயரப் பரணில் துப்பாக்கியுடன் ராஜா அமர்ந்திருப்பார். ராஜாவின் நெற்றியில் ஒரு துளி வேர்வை அரும்பாது.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளில் நடக்கும் மான் வேட்டை இதற்கு நேர் தலைகீழ். அங்கே துப்பாக்கி பிடிக்க வந்த சீமான்தான் சேற்றில் தவழ வேண்டும். அவர் எப்போது நடக்கலாம், எப்போது படுக்கலாம், எப்போது மூச்சு விடலாம் என்பதைக்கூட மாதச் சம்பளம் வாங்கும் ஒரு மலைவாசி சொல்வார். அவருக்கு 'ஸ்டாக்கர்' என்று பெயர். பதுங்கிப் பதுங்கி மானிடம் அழைத்துச் செல்பவர் என்று பொருள் கொள்ளலாம்.

டிவிஷனல் மானேஜரே வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் கார்டு பச்சைக்கொடி காட்டாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் அல்லவா? மலையில் ஸ்டாக்கரின் அதிகாரம் அத்தகையது. வந்திருப்பவர் பிரபுவா, பாங்கு முதலாளியா என்பதெல்லாம் பங்களா வாசலோடு சரி.

முதல் குண்டு இரும்பு மானுக்கு!

புதிதாக வேட்டைக்கு வருகிறவர் நேராக மலை ஏறிவிட முடியாது. காலையில் முதல் வேலை, குறி பார்த்துச் சுட்டுக் காட்டுவது. சில எஸ்டேட்டுகளில் இரும்புத் தகட்டில் மான் உருவமே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய நூறு கெஜத் தொலைவு. ஸ்டாக்கர் பக்கத்தில் நின்று பார்ப்பார். துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்று மரியாதைக்குச் சொல்வார். உண்மையில் அவர் பார்ப்பது ஆளை!

மானைச் சாகடிக்கலாம், ஆனால் காயப்படுத்தி ஓட விடக்கூடாது என்பது அங்கே முதல் விதி. இதற்குச் சட்டமும் உண்டு. அங்குள்ள பெரிய மான்களைச் சுடும் தோட்டா குறைந்தது 100 கிரெயின், அதாவது சுமார் ஆறரை கிராம் எடை இருக்க வேண்டும் என்றும், இன்ன வேகத்தில் பாய வேண்டும் என்றும் 1985-ல் அரசு உத்தரவு போட்டது; அந்த எடை வரம்பு 2023-ல் தளர்த்தப்பட்டது.

பரீட்சையில் தேறியதும் துப்பாக்கியை ஸ்டாக்கர் வாங்கி உறையில் போட்டுத் தன் தோளிலேயே மாட்டிக் கொள்வார். இனி கடைசி நிமிடத்தில்தான் அது விருந்தாளியின் கைக்கு வரும்.

மரம் இல்லாத காடு

மான் திரியும் அந்த மலைப்பகுதிக்கு 'மான் காடு' என்று பெயர். ஆனால் பல இடங்களில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது. 'ரோடு' என்று பெயர் எழுதிய ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் நாலு மைல் தள்ளி இருக்குமே, அந்தக் கதைதான்! கண்ணுக்கு எட்டிய வரை பாறை, ஹெதர் என்னும் குட்டைச் செடி, கால் வைத்தால் உள்வாங்கும் கரிய சதுப்பு நிலம்.

அங்கே திரியும் செம்மான் பிரிட்டன் நாட்டுத் தரை விலங்குகளிலேயே பெரியது. நம் கடமானின் உறவு என்று சொல்லலாம். ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் வசந்தத்தில் உதிர்ந்து மறுபடி முளைக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் இணை தேடும் பருவம் வந்துவிட்டால் மலை முழுவதும் அதன் உறுமல் எதிரொலிக்கும்.

ஒளிய மரம் இல்லாத வெட்டவெளியில், கழுகுக் கண்ணும் நாய் மூக்கும் கொண்ட ஒரு விலங்கை 150 கெஜத்துக்குள் நெருங்க வேண்டும். இதுதான் கணக்கு.

ஸ்டாக்கர் முதலில் தொலைநோக்கியை நீட்டிக்கொண்டு மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்து விடுவார். அரைமணி நேரம் ஆனாலும் அசைய மாட்டார். புதியவருக்கு எதிர் மலையில் பாறைகள்தான் தெரியும். அந்தப் பாறைகளில் நாலைந்துக்குக் காது இருக்கிறது என்று ஸ்டாக்கர் சொன்ன பிறகே அவை மான்கள் என்று விளங்கும்.

எதைச் சுடுவது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். அழகான கொம்புடைய இளம் கலைமானை விருந்தாளி ஆசையோடு காட்டுவார். அது வம்சத்துக்கு வேண்டும், விட்டு விடுங்கள் என்று பதில் வரும். கிழடு தட்டியது, கொம்பு கோணலானது, வரும் குளிர்காலத்தைத் தாண்டாதது, அப்படிப்பட்டதைத்தான் ஒதுக்கிக் கொடுப்பார்.

காற்று காட்டிக் கொடுக்கும்!

மான் இருக்கும் இடம் நேரே அரை மைல் என்றால், போகும் வழி மூன்று மைலாக இருக்கும். காற்று மானிடமிருந்து மனிதனை நோக்கி வீச வேண்டும். திசை மாறி மனித வாடை ஒரு முறை போய்விட்டால் போதும், கூட்டம் மலைக்கு அப்பால் மறைந்துவிடும். ஸ்டாக்கர் அடிக்கடி ஒரு கிள்ளுப் புல்லைப் பறக்கவிட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். மலை மடிப்புகளில் காற்று சுழன்று திரும்பி வரும்; எந்த மடிப்பில் எந்தக் காற்று சுழலும் என்பது அவருக்குப் பல வருஷப் பாடம்.

காற்று ஒன்று மட்டுமா எதிரி? மந்தையில் கிழட்டுப் பெண்மான் ஒன்று காவல் நிற்கும். சந்தேகம் வந்தால் நாய்போல் குரைத்து எச்சரிக்கும். புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கோழி கத்திக்கொண்டு எழும்பினால் மூன்று மணி நேர உழைப்பு வீண். ஆடு மிரண்டு ஓடினாலும் அதே கதி.

கடைசி இருநூறு கெஜம் வயிற்றாலேயே ஊர்ந்து செல்ல வேண்டும். ஓடைத் தண்ணீர் சட்டைக்குள் புகுந்து முழங்கால் வழியாக வெளியேறும். கோடையானால் கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி காது, கண்ணிமை என்று மொய்த்துக் கடிக்கும். கையை உயர்த்தி அடிக்கக்கூடாது! ஸ்டாக்கரின் பூட்ஸ் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போக வேண்டியதுதான். இதற்கு ஒரு நாளைக்குப் பல நூறு பவுன் கட்டணம் வாங்குகிறார்கள். சம்பளம் கொடுத்தாலும் நம்மில் பலர் செய்ய மாட்டோம்.

விரல் நடுங்கும் வேளை

மேட்டின் விளிம்பில் ஸ்டாக்கர் நிற்பார். துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, சத்தமின்றிப் புதியவரின் கையில் தருவார்.

மான் படுத்திருக்கும். படுத்த மானைச் சுடும் வழக்கம் இல்லை. எழுந்து பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கலாம். நனைந்த உடம்பில் குளிர் ஏறும். காலையில் இரும்பு மானை நடுவில் துளைத்த அதே கை இப்போது நடுங்கும். நெஞ்சு அடிப்பது தரையில் மோதிக் காதில் கேட்கும். வேட்டைக்காரர்கள் இதற்கு 'மான் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மான் எழுகிறது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இருதயமும் நுரையீரலும் இருக்கும் உள்ளங்கை அளவு இடம். அங்கே பட்டால் சில அடிகளில் விழுந்துவிடும். நாலு அங்குலம் பின்னால் போனால் வயிறு. அந்த மான் மைல் கணக்கில் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். இருட்டினாலும் அதைத் தேடிக் கண்டுபிடித்து முடிப்பது ஸ்டாக்கரின் தலையில் விழும்.

அந்த நொடியில் விசையை இழுக்காமல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிற புதியவர்களும் உண்டு. அதை எந்த நல்ல ஸ்டாக்கரும் கேலி செய்வதில்லை. அரைமனதோடு இழுக்கிறவனிடம்தான் அவருக்குப் பயம்.

குண்டு பாய்ந்து மான் விழுந்தாலும் உடனே ஓடக்கூடாது. அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு பின்பக்கமாக நெருங்கி, கோலால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். இமை அசையவில்லையென்றால் முடிந்தது.

அங்கேயே ஸ்டாக்கர் கத்தியை எடுத்து வயிற்றைக் கீறி, குடலை நீக்கி, நோய் ஏதும் உண்டா என்று சோதிப்பார். குடல் கழுகுக்கும் காக்கைக்கும். முதல் மான் என்றால் அதன் ரத்தத்தைப் புதியவரின் முகத்தில் பூசிவிடுவது பழைய வழக்கம். அன்று முழுவதும் கழுவக்கூடாதாம். இப்போது பலர் இதை விரும்புவதில்லை.

உடலை மலையிலிருந்து இறக்குபவருக்குக் 'கில்லி' என்று பெயர். நம் பையன்கள் ஆடும் கில்லி அல்ல, அந்நாட்டு கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்று பொருள். முன்பு குட்டை மலைக்குதிரை மேல் ஏற்றி வருவார்கள். இப்போது பெரும்பாலும் எட்டுச் சக்கர வண்டி. இறைச்சி வியாபாரிக்குப் போகும். கொம்பு விருந்தாளிக்கு.

யாருடைய மலை?

விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இந்த வேட்டையில் பித்தாக இருந்தார். 1852-ல் பால்மோரல் எஸ்டேட் அவர்கள் பெயருக்கு வாங்கப்பட்டதும் பணக்காரர்களுக்கு எல்லாம் இதே மோகம். ஆனால் அந்த மலைகள் சும்மா காலியாகக் கிடந்தவை அல்ல. 1814-லும் 1819-லும் சதர்லாந்து பகுதியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றப்பட்டார்கள்; குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வேறு பல பள்ளத்தாக்குகளிலும் மனிதன் போய் ஆடு வந்தது. பின்னர் ஆட்டில் லாபம் குறைந்ததும் பல இடங்களில் ஆடு போய் மான் வந்தது. பிழைப்பு தேடிக் கனடாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

ரஷ்யாவில் ரயில் வண்டிகள் செய்து கொடுத்துக் கோடீசுவரரான வினான்ஸ் என்ற அமெரிக்கர், ஸ்காட்லாந்தில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கரை வேட்டைக்காகக் குத்தகை எடுத்தார். அங்கே ஓர் ஏழைக் குடிசைக்காரர் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டி அவருடைய நிலத்தில் புல் மேய்ந்துவிட்டது. கோடீசுவரர் கோர்ட்டுக்குப் போனார்! 1885-ல் எடின்பரோ நீதிமன்றம் குடிசைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1887 நவம்பரில், லூயிஸ் தீவில் நிலமற்ற குடியானவர்கள் துப்பாக்கிகளுடன் மான் காட்டுக்குள் புகுந்து வேட்டையாடி, கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள். வழக்கு நடந்தது. 1888 ஜனவரியில் விடுதலை ஆனார்கள்.

மானைச் சுட்டால் ஜெயில் என்ற நாட்டில் வாழும் நமக்கு இன்னொன்றும் வியப்பாக இருக்கும். அங்கே மான் குறைவு என்று யாரும் கவலைப்படவில்லை. கூடிப்போச்சு என்பதுதான் புலம்பல். ஓநாய்களை அந்நாட்டார் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழித்துவிட்டார்கள். தின்ன ஆளில்லாத மான் பெருகி, முளைக்கிற மரக்கன்றை எல்லாம் மேய்ந்து தீர்க்கிறது. ஆண்மானைச் சுடத் தடை இருந்த மாதங்களையே 2023-ல் அரசு நீக்கிவிட்டது.

விருந்தாளிகள் அக்டோபரோடு ஊர் திரும்பி விடுவார்கள். அதன் பிறகுதான் பெண்மான்களின் முறை. நெடுங்காலமாக அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை என்பது கணக்கு. மலை முழுவதும் பனி, மாலை நாலு மணிக்கே இருட்டு. கட்டணம் கட்டித் தவழ வருகிறவர்கள் அப்போது குறைவு. அந்த வேலையைப் பெரும்பாலும் ஸ்டாக்கரே தனியாகப் போய்ச் செய்துவிட்டு வருகிறார்.